சத்தம் குடித்த பஞ்சு

மங்களம் பிளாட்ஸ் இரண்டாவது மாடியில், ஒரு படுக்கையறை மீன்தொட்டிக்குப் போட்ட பில்டர் அந்த அறையின் சத்தத்தையெல்லாம் குடித்துவிட்ட விஷயத்தைக் கொளத்தூரில் யாரைக் கேட்டாலும் சொல்லுவார்கள். ஆனால் கேட்டுப் பாருங்கள், எல்லாரும் மீனிலிருந்து ஆரம்பிப்பார்கள், இல்லாவிட்டால் பில்டர் விற்ற ஜமால் பாயிலிருந்து ஆரம்பிப்பார்கள், ஒருத்தராவது குமுதவல்லியின் தூக்கத்திலிருந்து ஆரம்பிக்க மாட்டார்கள். என்னத்தைச் சொல்ல, அவள் தூக்கத்தைப் பற்றிக் கவலைப்பட்டவர் உலகத்திலேயே ஒரே ஒருத்தர்தான், அவளைக் கட்டிய புருஷன் தணிகாசலம். அந்தக் கவலைதான் இந்தக் கதையே.

தணிகாசலத்துக்கு ரத்தக்கொதிப்பு. தினமும் கொஞ்ச நேரம் மீனைப் பார்த்துக்கொண்டு உட்காருங்கள், மனசு அடங்கும் என்று டாக்டர் சொன்னதைக் கேட்டு ஒரு தொட்டியும் நாலைந்து கோல்டு பிஷ்ஷும் வாங்கிவந்தார். ஹாலில் வைத்தால் வெயில் பட்டுப் பாசி பிடிக்கும் என்று தொட்டி படுக்கையறைக்குள் போனது. தொட்டியோடு இலவசமாகக் கொடுத்த மோட்டார் இருக்கிறதே, அது ராத்திரி முழுக்க டர்ர்ர் என்று மாவு மில் மாதிரி ஓடும். குமுதவல்லிக்குக் காக்காய்த் தூக்கம், எறும்பு ஊர்ந்தால் முழித்துக்கொள்கிற ஜென்மம். பேசாமல் பொறுத்துக்கொண்டு படுத்திருந்தவளிடம் ஒருநாள் காலையில் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அந்த மனுஷன் சொன்னார்: "உன் தூக்கம் கெடுது குமுதா. கிளம்பு, சத்தமே இல்லாத பில்டரா பாத்து வாங்கிட்டு வந்துடுவோம்."

அவள் கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு அவரைத் திரும்பிப் பார்த்தாள். கல்யாணமான நாளாக அவள் தலைவலிக்கு ஒரு தைலம் தேய்த்துவிடாத மனுஷன். ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஒரே பெண் சுடர்விழி, கூட வேலை பார்த்த வேற்றுச் சாதிப் பையனை ரிஜிஸ்டர் கல்யாணம் பண்ணிக்கொண்டு போனபோது, மாடி வராந்தாவில் அத்தனை குடித்தனமும் பார்க்க, செத்தவர்களுக்கு முழுகுகிற மாதிரி ஒரு குடம் தண்ணீரைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, "இன்னியோட அவளைத் தலை முழுகிட்டேன், அவ பேரை இந்த வீட்டுல எவ எடுத்தாலும் என் பொணத்தைத் தாண்டித்தான் எடுக்கணும்" என்று கத்தினவர். கத்தினதோடு விட்டாரா, உள்ளே அழுதுகொண்டிருந்த அவளையும் இழுத்து நிறுத்தி இன்னொரு குடத்தை ஊற்றினார். ஈரப் புடவையோடு அவள் அன்றைக்கு நின்ற கோலத்தைப் பார்த்தவர்கள் மங்களம் பிளாட்ஸில் இன்னும் இருக்கிறார்கள். அதற்கப்புறம் அந்த வீட்டில் அந்தப் பெயர் இல்லை, போட்டோ இல்லை, போன் நம்பர் இல்லை. பெண் பூனாவுக்குப் போய்விட்டதாக யாரோ சொன்னார்கள். அப்படிப்பட்டவர் வந்து உன் தூக்கம் கெடுகிறது என்றதும் பாவி மகள் என்ன நினைத்தாள் தெரியுமா? மனுஷன் இளகிவிட்டார், இன்றைக்கு என் தூக்கத்தைப் பார்க்கிறவர் நாளைக்கு என் பெண்ணையும் கூப்பிட்டுக்கொள்வார் என்று நினைத்தாள். நினைத்துக்கொண்டே இருந்ததில் நல்ல புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டாள்.

ஜமால் பாயின் கடையில் தணிகாசலம் காட்டிய பொறுமையைப் பார்த்தால், மாப்பிள்ளை பார்க்க வந்தவர் என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள். தொட்டி விளிம்பில் மாட்டுகிற பில்டரை ஓடவிட்டார்கள், தண்ணீர் மேலேயிருந்து சளசளவென்று கொட்டியது. "இது வேணாம் பாய், தூக்கத்துல பாத்ரூம் போகச் சொல்லும்" என்றார். தண்ணீருக்குள் முக்குகிற பில்டரைப் போட்டார்கள், கண்ணாடியில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "உறுமுது" என்றார். தொட்டிக்கு வெளியே வைக்கிற டப்பா பில்டரைக் காட்டினார்கள். அதற்கு அவர்கள் கட்டில் அடியில் இடமில்லை.

"சார், ராத்திரி தூங்கணும், அவ்வளவுதானே?" என்றார் பாய். கீழ்த்தட்டில் கையை விட்டுத் துழாவி, தூசி படிந்த ஒரு பஞ்சு பில்டரையும் தீப்பெட்டி அளவு மோட்டாரையும் எடுத்து வைத்தார். "மோட்டாரைச் சுவத்துல படாம கயித்துல தொங்க விடுங்க. தொட்டிக்கு அடியில தெர்மாகோல் போடுங்க. ஒரு சத்தம் வராது. ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க, பஞ்சை ரொம்ப நாளைக்குத் தொடாதீங்க. கழுவியே ஆகணும்னா தொட்டித் தண்ணியிலதான் பிழியணும். குழாய்த் தண்ணி பட்டுச்சு, அதுக்குள்ள ஊறியிருக்கற உசுரெல்லாம் செத்துடும்."

"நம்ம தயிருக்கு உறை மாதிரின்னு சொல்லுங்க" என்றாள் குமுதவல்லி.

"கரெக்டா புடிச்சீங்கம்மா" என்றார் பாய்.

வீட்டுக்கு வந்து மாட்டி, சுவிட்சைப் போட்டார்கள். முதலில் மோட்டார் சத்தம் வரவில்லை, அதற்காகத்தானே வாங்கினோம் என்று சந்தோஷப்பட்டார்கள். அப்புறம் மின்விசிறியின் கிறீச் போனது. அப்புறம் பின்பக்கத்து டிங்கரிங் பட்டறையின் சுத்தியல் போனது, பக்கத்துக் கல்யாண மண்டபத்து மேளம் போனது. "என்னங்க இது?" என்று குமுதவல்லி கேட்டாள், கேட்டது அவள் காதுக்கே வரவில்லை. தணிகாசலத்தின் வாய் அசைந்தது, அதுவும் வரவில்லை. தொட்டியில் மட்டும் பஞ்சிலிருந்து சின்னச் சின்னக் குமிழி வரிசையாக மேலே ஏறிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துவிட்டு, ஹாலுக்கு வந்து, நல்ல சாமான்தான், குடுத்த காசுக்குப் பழுதில்லை என்று பேசிக்கொண்டார்கள். அன்றைக்குக் குமுதவல்லி விடிகிற வரைக்கும் அடித்துப்போட்ட மாதிரி தூங்கினாள்.

விஷயம் பரவ எத்தனை நேரம் ஆகும்? மூன்றாவது மாடி ரெஜினா, நைட் டியூட்டி நர்ஸ், பகல்ல கொஞ்சம் தலை சாய்ச்சுக்கறேனே அக்கா என்று முதலில் வந்தாள். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் வந்தார்கள். பல் முளைத்து அழுகிற குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், அவை வாயைத் திறந்து கத்தினதெல்லாம் குமிழியாகப் போனது. அசோசியேஷன் செயலாளர் ரங்கபாஷ்யம் ஒரு நோட்டம் விட்டுவிட்டு, தண்ணீர் லாரி விவகாரத்தில் அடிதடி வரைக்கும் போயிருந்த மாதாந்திரக் கூட்டத்தை அந்த அறைக்கு மாற்றினார். எல்லாரும் எல்லாரையும் வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்துவிட்டு, வெளியே வந்து மிக்சர் சாப்பிட்டுக் கையெழுத்துப் போட்டுப் போனார்கள். மங்களம் பிளாட்ஸ் சரித்திரத்தில் சண்டையில்லாமல் முடிந்த கூட்டம் அதுதான். போனில் பேசினால் மட்டும் அந்தப் பக்கத்து ஆளுக்குக் கேட்டது, அறைக்குள் இருக்கிறவர்களுக்குக் கேட்கவில்லை. இதைக் கண்டுபிடித்தவரும் ரங்கபாஷ்யம்தான். கண்டுபிடித்து, அதையும் அறிவிப்புப் பலகையில் எழுதிப் போட்டுவிட்டார்.

ஆனால் அந்த அறையின் நிஜமான உபயோகத்தைக் கண்டுபிடித்தவள் முதல் மாடி அஞ்சுகம். ஒருநாள் மாமியாரோடு முட்டிக்கொண்டு மூச்சிரைக்க வந்தவள், "அக்கா, அஞ்சு நிமிஷம்" என்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியே வந்தபோது முகம் கழுவி விட்ட மாதிரி இருந்தது. அதற்கப்புறம் காலை வேலை ஓய்ந்த நேரத்தில் பெண்கள் ஒவ்வொருத்தியாக வர ஆரம்பித்தார்கள். கத்துகிறவள் கத்தினாள், அழுகிறவள் அழுதாள், நாத்தனாரைச் சபிக்கிறவள் சபித்தாள், கேட்கிறதற்கு மீனைத் தவிர நாதியில்லை, அந்த மீனுக்கும் ஒன்றும் கேட்கவில்லை. கோவிலுக்குப் போகிறவள் பூ எடுத்துப் போகிற மாதிரி ஆளுக்கொரு பாக்கெட் மீன்தீனி கொண்டுவந்தார்கள். உள்ளே என்ன சொன்னாய் என்று யாரும் யாரையும் கேட்கக் கூடாது என்பது எழுதாத சட்டமாகிவிட்டது. குமுதவல்லி எல்லாருக்கும் காபி கொடுத்தாள், ஒருத்தியையும் கேட்கவில்லை.

எல்லாரும் போன பிறகு அவள் போவாள். கதவைச் சாத்திக்கொண்டு, தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, "சுடரு" என்பாள். தன் காதுக்கே கேட்காது, ஆனால் நாக்குக்குத் தெரியுமே, ஐந்து வருஷமாகப் பட்டினி கிடந்த நாக்கு! "சுடரு, சுடர்விழி, என் கண்ணு, எங்கடி இருக்கே, சாப்பிட்டியாடி" என்று வாய் வலிக்கிற வரைக்கும் சொல்லுவாள். சொன்ன பாவத்தைக் கழுவுகிற மாதிரி எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு, தணிகாசலம் வருவதற்குள் இட்லிக்கு அரைத்துவிடுவாள்.

தணிகாசலமும் முன்னைக்கு இப்போது தேவலை. சீக்கிரம் படுக்கப் போனார். படுத்தால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு போர்வைக்குள் போன் வெளிச்சத்தோடு கிடப்பார், ஏதோ சினிமா பார்க்கிறார் என்று இவள் தூங்கிவிடுவாள். பிரஷர் குறைந்திருக்கிறது என்று டாக்டரே சொன்னார். அசோசியேஷன் விழாவில், படுக்கையறையை ஊருக்கு விட்டுக்கொடுத்த பெருந்தன்மைக்காக அவருக்குச் சால்வை போர்த்தினார்கள். அப்போது யாரோ ஒருத்தர் மேடையிலேயே, "பெத்த பொண்ணா இருந்தாலும் மானம்தான் பெரிசுன்னு நின்ன மனுஷன்" என்று பேச, அவர் கண்ணை மூடித் தலையை ஆட்டிக்கொண்டார். குமுதவல்லி கீழே பெண்கள் வரிசையில் உட்கார்ந்து கை தட்டினாள்.

கோடைக்கு முந்தி ஒருநாள், கூட வேலை பார்த்த ஒருத்தருடைய பேத்திக்குத் திண்டிவனத்தில் காதுகுத்து, நீயே நல்ல தோடாகப் பார்த்து எடு என்று அவளை நகைக்கடைக்குக் கூட்டிப் போனார். சிவப்புக் கல் வைத்த பொடித் தோட்டை அவள்தான் எடுத்தாள். திருகு சின்னக் காதில் குத்துமா என்று தன் உள்ளங்கையில் அழுத்திப் பார்த்து எடுத்தாள். "யார் பெத்த பிள்ளையோ, நல்லா இருக்கட்டும்" என்றாள். சரிகைக்கரை வேட்டியையும் அவளே இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். முதல் நாள் சாயந்திரம் அவர் பஸ் ஏறினார்.

மறுநாள் காலையில் பில்டர் தடுமாற ஆரம்பித்தது. குமிழி இரண்டு வரும், நிற்கும். மீன்கள் தண்ணீர் மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. மின்விசிறியின் கிறீச் லேசாகத் திரும்பிவந்தது. உள்ளே போய் அழுதுகொண்டிருந்த அஞ்சுகம், தன் விசும்பல் தனக்கே கேட்டதும் பயந்துபோய் வெளியே ஓடிவந்தாள்.

"பஞ்சு அடைச்சுக்கிச்சு அக்கா, பிழிஞ்சாத்தான் ஆகும்" என்றாள் ரெஜினா. "இங்க பிழிஞ்சா வீடு நாறும். மாடிக்கு எடுத்துட்டு வாங்க."

ஒரு வாளி தொட்டித் தண்ணீர் மொண்டுகொண்டு, பஞ்சைத் தட்டில் ஏந்திக்கொண்டு, பெண்கள் எல்லாரும் மொட்டைமாடிக்குப் போனார்கள். அங்கே அஞ்சுகத்தின் மாமியார் மிளகாய் காய வைத்துக்கொண்டிருந்தாள், ரங்கபாஷ்யம் மாடி டாங்கில் தண்ணீர் எவ்வளவு என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். குமுதவல்லி பஞ்சை வாளிக்குள் முக்கி ஒரு பிழி பிழிந்தாள். பழுப்பாகத் தண்ணீர் இறங்கியது, கூடவே குக்கர் விசில் ஒன்று மாடியெல்லாம் கேட்க அடித்தது. எல்லாரும் சிரித்துவிட்டார்கள். இரண்டாவது பிழியில் மேளச் சத்தமும் பச்சைக் குழந்தைகளின் அழுகையும் வந்தது. மூன்றாவதில், "அந்தக் கிழவி காபியில சர்க்கரைக்குப் பதிலா உப்பைப் போட்டுக் குடுத்தா என்ன" என்று அஞ்சுகத்தின் குரல் வந்தது. மாமியார் மிளகாயை விட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"அக்கா, போதும்க்கா!" அஞ்சுகம் அலறினாள். "குழாயில காட்டிடுங்க, எல்லாம் செத்துத் தொலையட்டும்!" மற்ற பெண்களும் முகம் வெளிறிப்போய், ஆமாம் ஆமாம் குழாயைத் திற என்றார்கள். ரெஜினா குழாயைத் திறக்கவே போய்விட்டாள். அதற்குள் குமுதவல்லியின் கை தன்னால் இன்னொரு தரம் அழுத்திவிட்டது.

"சொல்லு சுடர்மா. சாப்பிட்டியா? பாப்பா தூங்கிட்டாளா?"

தணிகாசலத்தின் குரல். ஆனால் இப்படி ஒரு குரல் அவருக்கு இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. வெல்லப்பாகு மாதிரி, இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அவள் பக்கம் திரும்பாத குரல். ரெஜினா குழாயிலிருந்து கையை எடுத்துவிட்டாள். குமுதவல்லி பிழிந்தாள்.

"சுடரு, என் கண்ணு, எங்கடி இருக்கே, சாப்பிட்டியாடி" என்று அவள் குரலே வந்தது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு அவர் குரல் வந்தது: "உங்கம்மா உன் பேரைக்கூட எடுக்கறதில்லம்மா. நானும் கெஞ்சிப் பாத்துட்டேன். கல்லு. உன் பேச்சை எடுத்தாலே எழுந்து போயிடறா."

பிழிந்தாள்.

"சத்தமில்லாத பில்டரா தேடித் தேடி வாங்கினதே உனக்காகத்தாம்மா. அந்த மோட்டார் போடற சத்தத்துல உங்கம்மா முழிச்சு முழிச்சுப் படுத்தா. நான் எப்ப உன்கிட்ட பேசறது? இப்ப பக்கத்துலதான் படுத்திருக்கா, ஒண்ணும் கேக்காது. நீ சொல்றது எனக்கும் கேக்காதுதான், நீ மெசேஜ்ல போடு, நான் படிச்சுக்கறேன்."

"சுடரு… சுடர்விழி…"

"அழாதம்மா. மாப்பிள்ளைக்கும் அம்மா இல்ல, நம்ம அம்மாவாவது வந்து நிக்கட்டும்னு நீ நினைக்கிறது நியாயம்தான். ஆனா பாப்பாவுக்கு அவ பேரை வைக்கணும்னு நீ கேட்டப்பவே, என் பேரு அந்தக் குழந்தைக்கு வேணாம்னு சொன்னவதானே? இப்ப காதுகுத்துக்கா வரப் போறா? நான் வரேன் ஆவடிக்கு. தோடெல்லாம் நானே பாத்து எடுத்துட்டேன்."

ஆவடி! பஸ் ஏறினால் ஒரு மணி நேரம். பூனா என்று நினைத்துக்கொண்டு அவள் ரயில் சத்தம் கேட்கிறபோதெல்லாம் நின்றிருக்கிறாள். பேத்தி இருக்கிறாள் என்று இப்போதுதான் தெரிகிறது, தோடு யாருக்கு என்று இப்போதுதான் தெரிகிறது. அந்தக் குழந்தைக்குத் தன் பெயரை வைக்கக் கேட்டார்களாம், தான் வேண்டாம் என்றாளாம். ஐயோ, எப்போது சொன்னாள், யாரிடம் சொன்னாள்! குமுதவல்லி பிழிவதை நிறுத்தவில்லை. அஞ்சுகத்தின் ரகசியம் வந்தது, ரெஜினாவின் ரகசியம் வந்தது, யார் யாரோ யார் யாரையோ திட்டியதெல்லாம் வெயிலில் விழுந்து ஒரு தரம் ஒலித்துவிட்டு அடங்கியது. யாரும் அவளைத் தடுக்கவில்லை. அஞ்சுகத்தின் மாமியார்கூட வந்து அவள் முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். கடைசியில் வாளியில் வெறும் தண்ணீர்தான் சொட்டியது. ரங்கபாஷ்யம் தோளில் இருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தரையைப் பார்த்தார்.

குமுதவல்லி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு புருஷனுக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் போட்டாள், எல்லாரும் கேட்கட்டும் என்று.

"சொல்லு குமுதா. திண்டிவனத்துல ஒரே கூட்டம், அப்புறம் பேசறேன்."

"ஆவடியில எந்தத் தெருங்க?"

அந்தப் பக்கம் நாதஸ்வரம் மட்டும் கேட்டது. அப்புறம் அதுவும் தூரமாகப் போனது, மனுஷன் ஓரமாக நகர்ந்துவிட்டார்.

"போனை அவகிட்ட குடுங்க" என்றாள்.

"கத்தாதே குமுதா. நான் சொல்றதைக் கேளு. நான் ஊர் பாக்கத் தலை முழுகினவன். எனக்கு மானமும் வேணும், பொண்ணும் வேணும். ரெண்டும் நிக்கணும்னா ஒருத்தர் பிடிவாதக்காரியா இருந்துதானே ஆகணும்? நீ எதைத்தான் தாங்கலை? இதையும் தாங்கிப்பேன்னு நினைச்சேன். வீட்டுக்கு வந்துடறேன், நம்ம ரூம்ல உக்காந்து பேசிக்கலாம், வெளியில தெரிய வேணாம்."

"உன் ரூமுல மண்ணு விழ!" என்றாள். முப்பது வருஷக் கல்யாணத்தில் அவரை ஒருமையில் சொன்னது அதுதான் முதல் தடவை. போன் கட்டானது.

மறுபடி போட்டாள். அடித்து அடித்து ஓய்ந்தது. ரெஜினா, "நான் ஆட்டோ கூப்பிடறேன் அக்கா, ஆவடியில வீடு வீடா ஏறியாவது கண்டுபிடிச்சிடலாம்" என்றாள். "அவ கதவைத் திறப்பாளாடி?" என்று குமுதவல்லி கேட்டாள். "பேரே வேணாம்னு சொன்னவ வந்து நின்னா எவ திறப்பா?" சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. உடைந்த குரல் மாடி முழுக்கக் கேட்டது. அழுதுகொண்டே மறுபடி எண்ணை அழுத்தினாள்.

இந்தத் தடவை யாரோ எடுத்தார்கள். மூக்கை உறிஞ்சுகிற சத்தம்.

"தாத்தா இல்ல" என்றது ஒரு குழந்தைக் குரல். "தாத்தா சாப்பிடப் போச்சு. எனக்குக் காது வலிக்குது."

குமுதவல்லி வாயைப் பொத்திக்கொண்டாள். எல்லாப் பெண்களும் நெருங்கி வந்து போனைச் சுற்றிக் குனிந்தார்கள்.

"ரொம்ப வலிக்குதாடா கண்ணு?"

"ம். நீ யாரு?"

"நானா?" என்றாள். "நான் பாட்டிடா."

அந்தப் பக்கம் குழந்தை போனைக் கையில் வைத்துக்கொண்டே வேறு பக்கம் திரும்பி, யாரிடமோ கேட்டது.

"அம்மா, பாட்டின்னா யாரு?"

கொலுசுச் சத்தம் ஒன்று கிட்டே வந்து நின்றது. குழந்தை மறுபடி கேட்டது. யாரோ போனை வாங்கினார்கள். மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டது, ஆனால் போனை யாரும் வைக்கவில்லை.

"சுடரு" என்றாள் குமுதவல்லி.